நகர்வுக்கென்று ஒரு மரபணு உண்டா? அதை அணைத்தால் நோய் நிற்குமா?

உங்கள் தாயாரின் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் ‘நகரும் தன்மையுள்ள கிராம் நெகட்டிவ் பேசில்லை’ (சாயச் சோதனையால் வகைப்படுத்தும் கோல் வடிவ பாக்டீரியாக்கள்) என்று ஒரு வரியைப் பார்த்துக் கலங்கிப்போய் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். நகரும் கிருமி நகராததைவிட ஆபத்தானதா? நகர்வுக்கான மரபணுவைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டால் நோய் நின்றுவிடாதா? இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: பாக்டீரியாவின் நகர்வுக்கும் அது உண்டாக்கும் நோய்க்கும் என்ன உறவு, அந்த உறவு மரபணுக்களில் எப்படி அமைந்திருக்கிறது? நான் நோயறியும் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். மாணவர்களுக்குப் பாக்டீரிய மரபியல் சொல்லிக்கொடுக்கிறேன். நோயாளிக்கு மருந்து எழுதுகிறவன் அல்ல. அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

முதலில் அறிக்கையைப் பற்றிய பயத்தைப் போக்கிவிடுகிறேன். ‘நகரும் தன்மை’ என்பது கிருமியின் அடையாளக் குறிப்பு, அபாய எச்சரிக்கை அல்ல. சிறுநீர்த் தொற்றில் அடிக்கடி வளரும் இ.கோலை பெரும்பாலும் நகரும். அதே தொற்றை உண்டாக்கும் கிளெப்சியெல்லா நகராது. இரண்டையும் பிரித்தறிய உதவும் சோதனைகளில் ஒன்றாகத்தான் ஆய்வகம் அதைக் குறிக்கிறது. சிகிச்சையைத் தீர்மானிப்பது அதே அறிக்கையில் எந்த ஆன்டிபயாடிக்கிற்குக் கிருமி கட்டுப்படும் என்று காட்டும் பட்டியல். நகராத கிருமி சாது என்றும் நினைத்துவிட வேண்டாம். காசநோய்க் கிருமி, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ், ஆந்த்ராக்ஸ் கிருமி ஆகிய எதற்கும் நீந்தும் உறுப்பே கிடையாது. பிளேக் கிருமியின் கதை இன்னும் விசித்திரம். அதன் நெருங்கிய மூதாதை இனம் குளிர்ந்த சூழலில் நன்றாக நீந்தும். பிளேக் கிருமியிலோ நீந்தும் மரபணுக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்க, அவற்றைத் தொடங்கிவைக்கும் தலைமை மரபணுவில் ஏற்பட்ட ஒரு சடுதிமாற்றம் எல்லாவற்றையும் ஊமையாக்கிவிட்டது. மனித வரலாற்றில் மிகக் கொடிய கிருமிகளில் ஒன்றான அது, நீந்தும் திறனைத் தொலைத்த ஒன்று. தொலைத்ததால்தான் கொடியதானது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று கிடையாது. நீந்தாமலும் கொடியதாக இருக்க முடிகிறது என்பது மட்டும் உறுதி.

இனி மரபணுவுக்கு வருவோம். நகர்வுக்கென்று ஒற்றை மரபணு கிடையாது. இ.கோலை, சால்மோனெல்லா போன்றவற்றில் கசையிழையைக் கட்டவும் சுழற்றவும் திசைதிருப்பவும் 50க்கு மேற்பட்ட மரபணுக்கள் வேலை செய்கின்றன. கசையிழை என்பது செல்லின் உறையில் பதிந்த ஒரு மோட்டார், அதிலிருந்து வெளியே வரும் வளைந்த கொக்கி, கொக்கியின் நுனியில் நீளும் உள்ளீடற்ற இழை ஆகிய மூன்றும் சேர்ந்தது. இழை ஃபிளாஜெல்லின் என்ற ஒரே புரதத்தின் பிரதிகளால் ஆனது. ஒரு முழு இழைக்கு ஏறத்தாழ 20,000 பிரதிகள் தேவைப்படும். இரண்டு மைக்ரான் நீளமுள்ள செல்லுக்கு இது மிகப் பெரிய செலவு. அதனால்தான் இந்த மரபணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை. படிப்படியாக, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்ற ஒழுங்கில் இயங்குகின்றன.

அந்த ஒழுங்கின் உச்சியில் எஃப்எல்எச்-டிசி என்ற இரட்டை மரபணு இருக்கிறது. அது இயங்கினால் மோட்டாரின் அடிப்பகுதிக்கும் கொக்கிக்குமான மரபணுக்கள் இயங்கும். அதே கட்டத்தில் சிக்மா 28 என்ற புரதமும் உருவாகிறது. இழைக்கான மரபணுக்களைத் திறக்கும் சாவி அதுதான். ஆனால் உருவான உடனே எஃப்எல்ஜி-எம் என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து முடக்கி வைத்துக்கொள்கிறது. அஸ்திவாரம் முடியும்வரை ஓடு இறக்க விடாத மேஸ்திரியின் கண்டிப்பு இது. கொக்கி சரியான நீளத்திற்கு வளர்ந்து முடிந்ததும் கசையிழையின் உள்ளிருக்கும் ஏற்றுமதிக் குழாய் வேறு வகைப் புரதங்களை அனுப்பத் தொடங்குகிறது. அப்படி வெளியே தள்ளப்படும் புரதங்களில் எஃப்எல்ஜி-எம்மும் ஒன்று. காவல் வெளியேறியதும் சிக்மா 28 விடுபடுகிறது, ஃபிளாஜெல்லின் மரபணு பேசத் தொடங்குகிறது. அடித்தளம் கட்டி முடிந்துவிட்டது என்ற செய்தியை டி.என்.ஏ. வரைக்கும் கொண்டுசேர்ப்பது கட்டுமானத்தின் அதே குழாய்தான். இத்தனை வருடம் பாடம் நடத்திய பின்னும் இந்த இடத்திற்கு வரும்போது எனக்கு வியப்பு குறைந்ததில்லை.

இழை அசைவதில்லை, சுழல்கிறது என்பதே 1970களில்தான் உறுதிப்பட்டது. 1974இல் சில்வர்மனும் சைமனும் கசையிழையை எதிர்ப்புரதத்தால் (நோய் எதிர்ப்பாற்றல் உருவாக்கும், குறிப்பிட்ட ஒன்றைப் பற்றிக்கொள்ளும் புரதம்) கண்ணாடியில் ஒட்டவைத்தார்கள். இழை நகர முடியாததால் பாக்டீரியாவின் உடலே வட்டமாகச் சுற்றியது. மோட்டாரை ஓட்டுவது உறையின் ஊடாக உள்ளே பாயும் புரோட்டான்கள். காலரா கிருமியில் அந்த வேலையைச் சோடியம் அயனிகள் செய்கின்றன. இ.கோலையில் மோட்டார் இடஞ்சுழியாகச் சுழன்றால் இழைகள் ஒரே கற்றையாகச் சேர்ந்து செல் நேராக ஓடும். வலஞ்சுழியாக மாறினால் கற்றை பிரிந்து செல் தடுமாறித் திசை மாறும். எப்போது மாறுவது என்பதை கீ-ஒய் என்ற சிறு புரதம் முடிவு செய்கிறது. உணவு இருக்கும் பக்கம் போனால் தடுமாற்றம் குறையும், எதிர்ப்பக்கம் போனால் கூடும். இதற்கான மரபணுக்கள் சிதைந்த கிருமியும் நீந்தும், ஆனால் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நீந்தும். நோய் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது ‘நகர முடியாதது’, ‘நகர்ந்தும் திசை தெரியாதது’ என்ற இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கட்டுப்பாடு என்று நான் சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உணவு வழியே தொற்றும் லிஸ்டீரியா என்ற கிருமியை வைத்து ஒரு எளிய சோதனை போதும். கிருமி வளர்க்கும் வழக்கமான திட ஊடகத்தில், அதைக் கட்டியாக்க ஒன்றரை சதவீத அளவில் சேர்க்கும் அகாரை அரை சதவீதத்துக்கும் கீழே குறைத்து, குலுங்கினால் ஆடும் அளவுக்கு மென்மையாக இரண்டு குழாய்களில் ஊற்றுவோம். நேரான ஊசியில் கிருமியைத் தொட்டு நடுவில் ஒரே குத்து. ஒரு குழாய் அறை வெப்பத்தில், இன்னொன்று 37 டிகிரியில். அறை வெப்பத்தில் வைத்ததில் குத்திய கோட்டிலிருந்து வெளியே பரவி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே குடை வடிவில் வெண்மங்கலாக வளர்ந்திருக்கும். 37 டிகிரியில் வைத்ததிலோ வளர்ச்சி பெரும்பாலும் குத்திய கோட்டோடு நின்றுவிடும். இரண்டிலும் இருப்பது ஒரே கிருமி, ஒரே மரபணுத் தொகுதி. உடல் வெப்பத்தில் மோக்-ஆர் என்ற புரதம் ஃபிளாஜெல்லின் மரபணுவின் முன்னால் அமர்ந்து அதை அடைத்துவிடுகிறது; குளிரில் ஜிமா-ஆர் என்ற இன்னொரு புரதம் வந்து அந்த அடைப்பை நீக்குகிறது. இதன் மறுபக்கமும் அதே வெப்பத்தில்தான் நடக்கிறது. நோய் உண்டாக்கும் மரபணுக்களின் தலைமைப் புரதமான பிஆர்எஃப்-ஏவுக்கான ஆர்.என்.ஏ. குளிரில் தன்மேல் மடங்கிக் கிடக்கும். 37 டிகிரியில் மடிப்பு அவிழ்ந்து புரதம் உருவாகும். வெளியுலகில் நீந்துவது, உடலுக்குள் வந்ததும் நீச்சலை நிறுத்தித் தாக்குதலைத் தொடங்குவது என்ற முடிவை வெப்பம் எடுக்கிறது.

நீச்சலை ஏன் நிறுத்த வேண்டும்? உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். நம் உடல் ஃபிளாஜெல்லினை அடையாளம் காணும். டிஎல்ஆர்-5 என்ற ஏற்பி அதைப் பிடிக்கிறது என்பது 2001இல் வெளிவந்தது; செல்லுக்குள்ளே நுழைந்த ஃபிளாஜெல்லினைக் கண்டுபிடிக்கவும் தனி ஏற்பாடு இருக்கிறது. கசையிழையோடு திசுவுக்குள் நுழையும் கிருமி தன் வரவைத் தானே அறிவித்துக்கொள்கிறது. சால்மோனெல்லாவின் ஒரு வகையான டைஃபாய்டு கிருமி இதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு எனக்கு மிகவும் தெளிவான உதாரணமாகத் தோன்றுகிறது. குடலின் உட்குழியில் உப்புச் செறிவு அதிகம். அங்கே அது நீந்துகிறது. குடற்சுவரைத் தாண்டித் திசுவுக்குள் வந்ததும் செறிவு குறைகிறது, டிவிஐ-ஏ என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. அது ஒரு பக்கம் கிருமியைச் சுற்றி விஐ எனப்படும் சர்க்கரைப் போர்வையை உருவாக்கச் செய்கிறது, மறுபக்கம் கசையிழைத் தலைமை மரபணுவை அடக்குகிறது. சாதாரண உணவு நச்சுக்குக் காரணமான சால்மோனெல்லா வகைகளில் இந்த டிவிஐ-ஏ இல்லை. டைஃபாய்டு கிருமி ஓசையின்றிப் பரவுவதற்கும் உணவு நச்சு வகைகள் குடலில் கடும் அழற்சியை உண்டாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டில் இந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

எல்லாக் கிருமிகளும் நீச்சலை நிறுத்துவதில்லை. வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டரும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் காம்பிலோபாக்டரும் சளிப்படலத்தில் தொடர்ந்து நீந்தியே ஆக வேண்டியவை. அவை வேறு வழி கண்டுகொண்டன: ஃபிளாஜெல்லினில் டிஎல்ஆர்-5 பிடிக்கும் இடத்திலுள்ள அமினோ அமிலங்களையே மாற்றிக்கொண்டன. அந்த மாற்றம் இழையின் உறுதியைக் கெடுக்கக்கூடியது. வேறு இடங்களில் ஈடுசெய்யும் மாற்றங்களும் சேர்ந்திருப்பதால் இழை உடையாமல் சுழல்கிறது.

சால்மோனெல்லாவின் பல வகைகள் மூன்றாவது ஒரு தந்திரத்தைக் கையாள்கின்றன. அவற்றிடம் இரண்டு ஃபிளாஜெல்லின் மரபணுக்கள் இருக்கும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். சுமார் 1,000 இணைகள் நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டை ஹின் என்ற நொதி வெட்டித் தலைகீழாகத் திருப்பி ஒட்டுகிறது. துண்டு ஒரு பக்கம் பார்த்தால் இரண்டாவது ஃபிளாஜெல்லின் இயங்கி முதலாவது அடக்கப்படும். மறுபக்கம் பார்த்தால் முதலாவது. இதை ஆய்வகத்தில் அன்றாடம் பயன்படுத்துகிறோம். வகையைக் கண்டறிய இரண்டு கட்டங்களின், அதாவது இரண்டு ஃபிளாஜெல்லின்களின், ஆன்டிஜெனும் (எதிர்ப்புரதம் பற்றும் அடையாளம்) தெரிய வேண்டும். ஒன்று தெரிந்தவுடன் அதற்கான எதிர்ப்புரதம் உள்ள எதிர்ச்சீரத்தை மென்மையான அகாரில் கலந்து, நடுவில் நிறுத்திய சிறு கண்ணாடிக் குழாய்க்குள் கிருமியைக் குத்திவைப்போம். பழைய இழையோடு இருப்பவை எதிர்ச்சீரத்தில் சிக்கி அங்கேயே முடங்கிவிடும். துண்டு திரும்பிய மிகச் சில செல்கள் மட்டும் குழாயின் அடிவழியாக நீந்தி வெளியே வந்து மேற்பரப்பை எட்டும். மறுநாள் அங்கிருந்து எடுத்தால் கையில் இருப்பது இரண்டாவது கட்டம். உடலில் எதிர்ப்புரதங்களுக்கு நடுவே நடப்பதும் இதே தேர்வுதான் என்பது பரவலான விளக்கம். நியாயமான விளக்கம், ஆனால் குழாயில் காட்டுவதுபோல உடலுக்குள் அவ்வளவு சுத்தமாகக் காட்டப்பட்டதல்ல.

கசையிழை இல்லாமலும் நகர்வு உண்டு. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கு நீந்தத் தெரியாது, இ.கோலையின் நெருங்கிய உறவான அதன் கசையிழை மரபணுக்கள் சிதைந்து கிடக்கின்றன. ஆனால் நம் குடற்செல்லுக்குள் நுழைந்ததும் அது விரைந்து நகர்கிறது. ஐசிஎஸ்-ஏ என்ற ஒரே புரதத்தைத் தன் ஒரு முனையில் நிறுத்தி, நம் செல்லின் உட்சட்டகமாக அமையும் ஆக்டின் புரதத்தை அந்த முனையில் இழையிழையாகச் சேரச் செய்கிறது. சேரும் ஆக்டின் வால் கிருமியை முன்னே தள்ளுகிறது, பக்கத்துச் செல்லுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. இரத்தத்தையும் எதிர்ப்புரதத்தையும் சந்திக்காமலே தொற்று பரவிவிடும். அந்த மரபணு குரோமோசோமில் இல்லை, நோய் உண்டாக்கும் திறன் குடியிருக்கும் பெரிய பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள தனி டி.என்.ஏ. வளையம்) இருக்கிறது. லிஸ்டீரியா இதே வேலையை முற்றிலும் வேறான ஆக்ட்-ஏ என்ற புரதத்தால் செய்கிறது. தொடர்பில்லாத இரண்டு கிருமிகள் தனித்தனியே ஒரே உத்திக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கோனோரியா கிருமியும் சூடோமோனாஸும் நுண்முடிகளை வெளியே நீட்டி, ஒட்டி, பிறகு பில்-டி என்ற மோட்டாரால் உள்ளிழுத்து நகர்கின்றன. லைம் நோய்க் கிருமியில் கசையிழை உறைக்குள்ளேயே சுற்றியிருக்கும். அதன் இழை மரபணுவை அழித்தால் நகர்வு மட்டும் போவதில்லை, சுருள் வடிவமும் போய் நேரான கோலாகிவிடுகிறது.

உங்கள் கேள்வியில் ‘ஒரு மரபணு’ என்பது ஓரளவு பொருந்தும் இடம் ஷிகெல்லாதான். எஞ்சியவற்றில் ஒரு மரபணுவை அழித்துவிட்டு ‘நகர்வு போனதால் நோய் குறைந்தது’ என்று சொல்வது எளிதல்ல. கசையிழை நகர்த்துவதோடு ஒட்டிக்கொள்ளவும் உதவும். சில கிருமிகளில் அதே குழாய் வேறு புரதங்களையும் வெளியே அனுப்பும். இழையை நீக்கினால் இவை எல்லாம் சேர்ந்து போய்விடும். இதைப் பிரித்துப் பார்க்க இருக்கும் நல்ல வழி மோட்-பி போன்ற மோட்டார் மரபணுவை மட்டும் நீக்குவது. இழை முழுமையாக இருக்கும், சுழலாது. ஹெலிகோபாக்டரில் இப்படிச் செய்து எலிகளுக்குக் கொடுத்தபோது தொற்றுத் திறன் தெளிவாகக் குறைந்தது. ஆகவே அங்கே தேவைப்படுவது நகர்வேதான். பன்றிக்குட்டிகளிலும் ஃபிளாஜெல்லின் இழந்த ஹெலிகோபாக்டர் நிலைத்து வாழவில்லை. இதை நான் உறுதியான பட்டியலில் வைப்பேன். உங்கள் தாயாரின் தொற்றுக்கு நெருக்கமான சான்றும் உண்டு: எலிகளில் இ.கோலை சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறும் நேரத்தில் கசையிழை மரபணுக்கள் இயங்குகின்றன. பையின் சுவரில் ஒட்டியிருக்கும்போது ஒட்டும் முடிகளின் மரபணுக்கள் மேலோங்கி இவை தாழ்கின்றன. மனிதரில் இதே வரிசைதான் என்று எண்ணக் காரணம் இருக்கிறது, ஆனால் அதை நிரூபணமாகக் கருத மாட்டேன். பாடநூல் வரிகளும் மாறக்கூடும். கக்குவான் இருமல் கிருமி நகராது என்றுதான் தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்தோம். 2019இல் அதன் சில விகாரங்கள் (ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபட்ட வழிமரபுகள்) நகர்வதையும் கசையிழை போன்ற அமைப்பைக் காட்டுவதையும் ஒரு குழு வெளியிட்டது. நோயில் அதற்கு வேலை இருக்கிறதா என்பது திறந்த கேள்வி.

அணைத்தால் நோய் நிற்குமா என்பதற்கு மனிதரிலேயே சில பதில்கள் கிடைத்திருக்கின்றன, தடுப்பு மருந்து ஆய்வுகளில். ஐசிஎஸ்-ஏ நீக்கிய ஷிகெல்லாவை வாய்வழித் தடுப்பு மருந்தாகத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். கிருமி செல்லுக்குள் நுழைந்தது, பரவ முடியவில்லை, நோய் எதிர்ப்பாற்றல் உருவானது. ஆனால் அளவைக் கூட்டியபோது சிலருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. காலராவில் நச்சு மரபணுவை நீக்கிய பிறகும் பழைய தடுப்பு விகாரங்கள் லேசான வயிற்றுப்போக்கைக் கொடுத்தன. நகர்வையும் இழந்த பெரு-15 என்ற விகாரத்தில் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. நகர்வை எடுத்தால் கிருமி பலவீனப்படுகிறது என்பதற்கு இவை நல்ல சான்றுகள். நோய் முற்றிலும் நின்றுவிடும் என்பதற்குச் சான்றுகள் அல்ல.

மருந்தாகச் செய்வதில் உள்ள தடையைக் காட்ட, மனிதருக்குப் பொதுவாக நோய் தராத ஒரு கிருமியில் செய்த ஆய்வைச் சொல்கிறேன். மண்ணில் வாழும் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸில் கசையிழையின் தலைமை மரபணுவான ஃப்ளீ-க்யூவை முழுவதுமாக நீக்கிவிட்டு, உணவு தீர்ந்துபோகும் மென்மையான அகாரில் வைத்தார்கள். நான்கே நாட்களில் அது மறுபடி நீந்தியது. 2015இல் வெளியான முடிவு இது. இழந்த மரபணு திரும்பி வரவில்லை. நைட்ரஜன் பயன்பாட்டைக் கவனிக்கும் என்டிஆர்-சி என்ற தூரத்து உறவுப் புரதம் முதலில் ஒரு சடுதிமாற்றத்தால் அளவுக்கு மீறிச் செயல்பட்டது, அடுத்த சடுதிமாற்றத்தால் கசையிழை மரபணுக்களின் பக்கம் திரும்பியது. கட்டுப்படுத்தும் மரபணுவைக் குறிவைத்தால் கிருமி சுற்றுவழி கண்டுபிடித்துவிடும். அதனால் நகர்வைத் தடுக்கும் மருந்தைத் தேடுகிறவர்கள் மோட்டாரையும் அதன் அயனி வழியையும் குறிவைப்பது நல்லது என்று நான் கருதுகிறேன். சுழலும் உறுப்பு சிதைந்தால் அதற்கு மாற்றாக நிற்கக்கூடிய உறவுப் புரதங்கள் குறைவு. சோடியம் வழியை அடைக்கும் சேர்மங்கள் காலரா கிருமியின் உறவினங்களை ஆய்வகத்தில் நிறுத்துகின்றன. ஆனால் நம் செல்களும் சோடியம் வழிகளை நம்பி வாழ்பவை. கிருமியின் மோட்டாரை மட்டும் பிடித்து நம்முடையதைத் தொடாத சேர்மம் கிடைத்தால்தான் நோயாளியின் படுக்கை வரை அதைக் கொண்டுபோக முடியும்.